ஜெர்மன்காரனின் இரண்டாவது சேர்வ்

இந்த ஆண்டு ஓகஸ்டில் முதல் தடவையாக வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்த்தேன். ஒரு பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. "அவுட்" என்றது ஒரு பெண்குரல். மைதானத்தில் அப்படியொரு பெண் இல்லை. கோட்டின் முடிவில் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்கும் ஆளும் இல்லை. சுற்றிவரப் பூட்டிய கமராக்கள் பார்க்கின்றன, கணினி தீர்மானிக்கிறது, எப்போதோ பதிந்து வைத்த ஒரு குரல் கத்துகிறது. அதிலே பதற்றம் இல்லை, தொண்டை கட்டுவதில்லை, வெயிலில் நா வறள்வதில்லை.

"சனியன்" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆரை ஏசுறியள்?"

"மெசினை."

"மெசின் உங்களுக்கு என்ன செய்தது?"

என்ன செய்தது? பத்து ஓகஸ்டுகளாக நான் செய்த வேலையை எடுத்துக்கொண்டது. எங்கள் ரொறன்ரோவில் ஒவ்வொரு கோடையும் நடக்கும் அந்தப் பெரிய போட்டியில் நான் கோட்டு நடுவராக நின்றவன். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கத்துகிறவர்களில் ஒருவன். இனிமேல் நாங்கள் தேவையில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அதில் நன்றி என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது. எனக்கு அந்தக் கடிதத்தில் வந்த கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சலில் வந்த கோபந்தான் ஆறவில்லை.

மின்னஞ்சல் எங்கள் குழுவின் தலைவியிடமிருந்து வந்தது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரப் பெண்மணி, யூனியன்வில்லில் இருக்கிறார். செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுப் பின்வளவில் எல்லோருக்கும் மதிய விருந்து என்றும், குடும்பத்தோடு வரும்படியும் எழுதியிருந்தார். கடைசி வரியில், எனக்கு ஒரு சிறு கோப்பை தரப்போவதாகச் சொல்லியிருந்தார். எதற்காக? பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூடத் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள நேராத ஒரே ஆள் நான் என்பதற்காக.

அதைப் படித்ததும் கைப்பேசியைச் சோபாவில் எறிந்தேன். நல்லகாலம் சோபாவில் எறிந்தேன்.

திருத்துவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கோட்டு நடுவர் சில நேரம் அவசரப்பட்டு "அவுட்" என்று கத்திவிடுவார். பந்து உள்ளே விழுந்ததை அடுத்த கணமே உணர்ந்தால் கையை நேரே மேலே உயர்த்தி "கரெக்‌ஷன்" என்று கத்த வேண்டும். உடனே செய்ய வேண்டும். அது குற்றமில்லை, விதியிலேயே இருக்கிறது. ஆனால் வேலிக்கு அப்பால் ஒரு மதிப்பீட்டாளர் தொப்பி போட்டுக்கொண்டு, மடியில் தாள் அட்டையோடு உட்கார்ந்திருப்பார். கையை உயர்த்தினால் அவரும் பேனையை எடுப்பார். அந்தத் தாளைப் பார்த்துத்தான், அடுத்த வாரம் யார் தொலைக்காட்சியில் காட்டும் நடு மைதானத்தில் நிற்பது, யார் வேலியோரத்து ஒன்பதாம் மைதானத்திலேயே கிடப்பது என்று முடிவாகும்.

நான் ஒருபோதும் கையை உயர்த்தியதில்லை. அது உண்மை. உயர்த்த வேண்டிய நேரம் ஒன்று வந்தது என்பதும் உண்மை.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு விளையாட்டுத்தான். பிழைப்புக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். யூலையும் ஓகஸ்டும் பிள்ளைகளுக்கு விடுமுறை, எனக்கும் விடுமுறை. அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில், கோட்டு நடுவர்களுக்குப் பயிற்சி என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பயிற்சிக்குப் போனபோது தமிழனென்று நான் ஒருவன்தான். எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், கரப்பந்தாட்டம் என்றாலும் வருவார்கள். டென்னிஸ் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வோபர்னில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணை, கோடு பாக்கிறதும் ஒரு வேலையே? ஒருநாளைக்குப் பாத்தாக் காணாதே? அது அங்கையேதானே கிடக்குது?" என்று கேட்டார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருநாள் நடு மைதானத்தில் நின்று இவருடைய தொலைக்காட்சியில் வந்து காட்டுகிறேன் என்று அன்றைக்கு மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சுத்தான் பிறகு என் கழுத்தில் இறுகியது.

பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தந்தது ஒன்றுதான். வீரனைப் பார்க்காதே. பந்தையும் துரத்தாதே. உன் கண் முன்கூட்டியே கோட்டுக்குப் போய் அங்கே காத்திருக்க வேண்டும், பந்து அங்கே வந்து விழும். கேட்கச் சுலபம். செய்து பார்த்தால் தெரியும். மனிதனுடைய கண் அசைகிற பொருளின் பின்னால்தான் ஓடும். அதைக் கட்டிப்போட எனக்கு இரண்டு கோடைகள் எடுத்தன. மைதானத்துக்கு வெளியிலும் அதே கதைதான். சாமான் வாங்கப் போகும் கடையின் கார் நிறுத்துமிடத்தில் மனைவியை நிற்கவைத்து, மஞ்சள் கோட்டின் மீது பழைய பந்தை எறியச் சொல்லிப் பயிற்சி எடுத்திருக்கிறேன். எறிகிற அவளுக்கும் பாடம் எடுப்பேன். "பந்தைப் பாராதையும், கோட்டைப் பாரும், கோட்டைப் பாரும்." அவள் பந்தை எறிந்துவிட்டு, "பால் வாங்க வந்தனாங்கள்" என்பாள்.

இரண்டாவது கோடையில்தான் ஜெர்மன்காரனைக் கண்டேன்.

வேலியோர மைதானம். தகுதிச் சுற்று. அதாவது, நேரடியாகப் போட்டிக்குள் வர முடியாதவர்கள் தங்களுக்குள் மோதி, மிஞ்சுகிறவர்கள் உள்ளே போவார்கள். பார்க்க முப்பது பேர் இருந்திருந்தால் அதிகம். இவன் நெடுவல், இடக்கைக்காரன், முன்மயிர் உதிரத் தொடங்கியிருந்தது. புள்ளியைத் தொடங்கும் சேர்வ் அடிக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. முதல் சேர்வை அடித்தான். அடித்த கையோடு வலையை நோக்கி ஓடினான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் காலத்தில் யாரும் அப்படி ஓடுவதில்லை. எல்லோரும் பின்கோட்டில் நின்று, உறுமிக்கொண்டு, சுவரில் அடிப்பதுபோல அடித்துக்கொண்டே இருப்பார்கள், எதிராளி களைத்து விழும்வரை. இவன் உறுமவில்லை. வலைக்குப் பக்கத்தில் போய், பந்து நிலத்தில் படுமுன் மட்டையை லேசாகக் காட்டினான். பந்து அந்தப் பக்கம் செத்து விழுந்தது.

முதல் சேர்வுக்குப் பின்னால் ஓடுவது ஒரு துணிவென்றால், இவன் இரண்டாவது சேர்வுக்குப் பின்னாலும் ஓடினான். இரண்டாவது தவறினால் புள்ளி போய்விடும் என்று எல்லோரும் பந்தைப் பத்திரமாக நடுவிலே போடுவார்கள். இவன் அதையும் ஓரக்கோட்டுக்குத்தான் அனுப்பினான். இடக்கைக்காரன் பந்தின் பக்கத்தைச் சீவி அடித்தால் அது வளைந்துகொண்டே போகும். எதிராளி அதை எடுக்க மைதானத்தைவிட்டே வெளியே ஓட வேண்டும். ஒற்றைக் கையால் அடிக்கும் பேக்ஹேண்ட் என்ற புறங்கை அடியும் அப்படித்தான். பந்தின் அடியைச் சீவிவிடுவான், அது நிலத்திலிருந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். ஆறரை அடி உயர இளசுகள் எல்லாம் அவனுக்கு முன்னால் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து போனார்கள். பார்க்க எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

அன்றைக்கு அவன் தோற்றான். அதற்குப் பிறகு நான் அவனை விடவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிற்பகல் ஓட்டத்துக்காக பஸ்ஸுக்குள் காத்திருக்கும் நேரமெல்லாம் அவன் எங்கே ஆடுகிறான் என்று கைப்பேசியில் தேடினேன். பெயர் தெரியாத ஊர்களில், உள்ளரங்குகளில், பத்துப் பேர் பார்க்க ஆடிக்கொண்டிருப்பான். உலகத்தின் முதல் வரிசைக்குள் அவன் ஒருபோதும் வந்ததில்லை. ஜெர்மனியில் எல்லோரையும்போல அவனும் செம்மண் மைதானத்தில் வளர்ந்தவன். செம்மண்ணில் பொறுமையாகப் பின்னால் நின்று ஆடுவதுதான் பிழைப்பு. முன்னால் ஓடாதே என்று சின்ன வயதிலிருந்து பயிற்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவன் ஓடினான். ஓடித் தோற்றான், பிறகும் ஓடினான். ஒருதடவை புல்மைதானம் ஒன்றில் பெரிய நட்சத்திரம் ஒருவனை ஒரே பிற்பகலில் கவிழ்த்தான். மறுநாள் யாரோ ஒருவனிடம் தோற்றுப்போனான். கோடையில் ஊர்க் கழகத்துக்காக ஆடுவான். இரண்டு தடவை முழங்காலை வெட்டித் தைத்தார்கள். வர்ணனையாளர்கள் அவனைப் "பழைய பாணி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பஸ்ஸுக்குள் தனியே இருந்து நான் அவர்களை ஏசியிருக்கிறேன்.

ஜெர்மனியில் எனக்கொரு மச்சான் இருக்கிறான், ஜெர்மன்காரனுடைய ஊருக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில். ஒருநாள் தொலைபேசியில் விசாரித்தேன்.

"ஆரடாப்பா அவன்? இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. நீ ஒருத்தன்தான் கனடாவிலை இருந்து கேக்கிறாய்" என்றான் மச்சான்.

"உங்கடை நாட்டுக்காரனடா."

"எங்கடை நாடோ? சரி, அப்பிடியே வைச்சுக்கொள்."

நடுவர் ஒருவர் ஒரு வீரனுக்கு ரசிகனாக இருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை, அவனிடம் கையெழுத்துக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்து ஒரு தடவை சிரித்ததுகூட இல்லை. ஆனால் அவனுடைய ஆட்டம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவனுக்கு எது சரிவரும், எது பிழைக்கும் என்று அவனைவிட முதலில் எனக்குத் தெரியும். குறிப்பாக ஒன்று. களைத்துப்போனால், சேர்வ் அடிக்கப் பந்தை மேலே எறியும்போது அவனுடைய வலக்கை சற்றுச் சறுக்கும். பந்து தலைக்கு நேரே போகாமல் இடப்பக்கம் விலகிப் போகும். அப்படி விலகினால் பந்து கட்டாயம் வெளியேதான் விழும். நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட். ஜெர்மன்காரன் இதுதான் தன் கடைசி ஆண்டு என்று சொல்லிவிட்டான். எங்கள் ரொறன்ரோப் போட்டியில் அவன் ஒரு தடவையும் தகுதிச் சுற்றைத் தாண்டியதில்லை. அன்றைக்குத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். வென்றால் முதல்முதலாக உள்ளே போவான், பெரிய மைதானத்தில் ஆடுவான். தோற்றால் போனதுதான். ஒன்பதாம் மைதானம், எதிராளிக்கு அவனுடைய வயதில் பாதிதான். ஓரக்கோட்டைப் பார்க்க என்னைப் போட்டார்கள். வேறு மைதானம் கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அவனைப் பார்க்க ஆசையாக இருந்தது.

சனிக்கிழமையென்றபடியால் மனைவியும் வந்திருந்தாள். குடும்பத்தவருக்கென்று தரும் அனுமதி அட்டையில் உள்ளே வந்து, எனக்கு நேர் பின்னால் இருந்த தாழ்ந்த வாங்கில், பெரிய தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாதென்று வாசலில் எழுதியிருக்கிறது. அவள் சால்வைக்குள் ஆறு மட்டன் ரோல்ஸ் இருந்தன.

அதேபோல வேலிக்கு அப்பால் மதிப்பீட்டாளரும் இருந்தார். காலையில்தான் குழுத் தலைவி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இன்றைக்கும் சுத்தமாக முடித்தால் இறுதி ஆட்டத்தில் நடு மைதானத்தில் நிற்கும் குழுவில் என் பெயர் இருக்கும்.

மூன்றாவது செட்டில், எதிராளிக்கு ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் முடிந்தது என்ற இடத்துக்கு வந்துவிட்டது. சேர்வ் ஜெர்மன்காரனுடையது. முதல் சேர்வ் வலையில் மோதியது. இரண்டாவதுக்குத் தயாரானான். நான் எதிர்முனையில் கோட்டுக்கு நேரே குனிந்து நிற்கிறேன். என் கண் கோட்டில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. அவனுடைய கையில் இருந்தது. தவறாதே, நடுவிலே போடு, இந்த ஒருதடவை பத்திரமாகப் போடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் பந்தை எறிந்தான். பந்து இடப்பக்கம் விலகிப் போனது. ஐயோ, வெளியே, என்று மனம் சொன்னது.

மட்டையில் பந்து பட்டதுமே வாய் கத்திவிட்டது. "அவுட்!"

கத்திய பிறகுதான் என் கண் கோட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் பந்தும் வந்து விழுந்தது. வெள்ளைக் கோட்டின் வெளி விளிம்பில், பாதி கோட்டில் பாதி வெளியில், அமுங்கி எழும்பி, எதிராளியின் மட்டைக்கு எட்டாமல் வளைந்து போயிற்று. கோட்டில் பட்டால் உள்ளே. டென்னிஸில் அதற்கு இரண்டாம் பேச்சில்லை. அவனுடைய வாழ்நாளிலேயே அருமையான சேர்வ் அதுவாகத்தான் இருக்கும். சறுக்கிய கையை வைத்துக்கொண்டு, கடைசிப் புள்ளியில், இரண்டாவது சேர்வை ஓரக்கோட்டிலேயே போட்டிருக்கிறான்.

என் இடக்கை வெளியே நீண்டுவிட்டது. அதை மடக்கி மேலே தூக்க எனக்கு ஒரு வினாடி இருந்தது. ஒரு வினாடி சின்ன நேரமில்லை. அந்த ஒரு வினாடிக்குள் நான் மதிப்பீட்டாளரின் மடியிலிருந்த தாளை நினைத்தேன். வோபர்ன் கடையில் சிரித்தவர்களை நினைத்தேன். பத்து மைதானத்திலும் நான் ஒருவன்தான் தமிழன், நான் பிழைவிட்டால் என்னையல்ல, எங்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்றும் நினைத்தேன். வெட்கங்கெட்ட நினைப்பு. என் பயத்துக்கு முழு இனத்தையும் துணைக்குக் கூப்பிட்டேன். கையை உயர்த்தவில்லை.

உயர்ந்த கதிரையில் இருந்த தலைமை நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிச்சயந்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். வேலியோர மைதானத்தில் மீண்டும் போட்டுப் பார்க்க அந்த வருடம் கமரா இருக்கவில்லை. ஆட்டம் முடிந்தது.

ஜெர்மன்காரன் வலைக்கருகே ஓடி வந்தவன் அப்படியே நின்றான். பிறகு வலையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவனை நான் பார்த்ததில்லை. மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. "வெளியேவா விழுந்தது?" என்று மெல்லக் கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டான். வீரனோடு கோட்டு நடுவர் பேசக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதுவரை அது எனக்குப் பெரிய விதியாகத் தெரிந்ததில்லை. அன்றைக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவனுடைய தோளுக்கு மேலால் வேலியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவன் மூன்று மூச்சு நேரம் நின்றான். பிறகு நான் ஏதோ பதில் சொல்லிவிட்டதுபோலத் தலையசைத்துவிட்டு, எதிராளிக்குக் கைகொடுக்கப் போனான்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மட்டையை உடைத்திருக்கலாம். மற்றவர்கள் எல்லோரும் உடைக்கிறார்கள். என்னைத் திருடன் என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால், பாருங்கள் இவனை என்று நானும் கோபப்பட்டு, அந்தக் கோபத்தில் பிழைத்திருப்பேன். அவன் துவாயை மடித்துப் பைக்குள் வைத்தான். மடித்து வைத்தான், அதுவும் நாலாக.

வேலிக்கு அப்பாலிருந்து மதிப்பீட்டாளர் எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் மனைவி ஒரு ரோல்ஸை என் பக்கம் நீட்டினாள். "சாப்பிடுங்கோ."

"அவன் தோத்துப்போனான்" என்றேன்.

"ம்" என்றாள். டென்னிஸில் அவளுக்கு என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்தில் நான் நடு மைதானத்தில் நின்றேன். ஆயிரக்கணக்கான சனம். தொலைக்காட்சியில் நாலு தடவை வந்தேனாம். வோபர்ன் கடைத் தம்பி அடுத்த தடவை போனபோது, "அண்ணை, கண்டனாங்கள், கண்டனாங்கள்!" என்று கத்தி, கடையில் நின்ற எல்லோருக்கும் என்னைக் காட்டினார். ஒரு பலாப்பழத் துண்டைச் சும்மா சுற்றித் தந்தார். அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தேன். நான் ஒரு சுளையும் தொடவில்லை.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஜெர்மன்காரன் ஆடவில்லை. முழங்கால் மறுபடியும் போய்விட்டது. அந்த இலையுதிர்காலத்தில் மச்சான் அவனுடைய ஊர்ப் பத்திரிகையில் வந்த செய்தியைப் படம் எடுத்து அனுப்பினான், கீழே மொழிபெயர்த்தும் எழுதியிருந்தான். நாலு வரிதான். இன்ன கழகத்து வீரர் ஓய்வு பெறுகிறார். வலைக்கு ஓடி ஆடும் பாணியால் அறியப்பட்டவர். முழங்கால் காயங்களோடு போராடியவர். நாலாவது வரி இது: கனடாவில் ஆடிய கடைசி ஆட்டம் அவருடைய இரட்டைத் தவறோடு முடிந்தது.

இரண்டு சேர்வும் பிழைத்தால் இரட்டைத் தவறு என்று எழுதுவார்கள். எழுதியதை யாரும் மாற்றுவதில்லை. அவனுடைய மொத்த ஆட்ட வாழ்க்கையின் கடைசி வரியில் தவறு என்று எழுதியிருக்கிறது, அந்தத் தவறு என்னுடையது. அவன் துணிந்து செய்த ஒன்றை அவனுடைய பிழையாக்கி, அவனுடைய ஊர்க்காரர்களிடமே கொடுத்துவிட்டேன். எப்படியும் அடுத்த புள்ளியில் தோற்றிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தோற்றிருக்கலாம். அது அவனுடைய தோல்வியாக இருந்திருக்கும். அதைக்கூட நான் அவனுக்கு விட்டு வைக்கவில்லை.

இயந்திரத்தை ஏன் ஏசுகிறேன் என்று இப்போது விளங்கும். அந்தச் சனியன் என்னைவிட நல்லது. அதற்கு யாரையும் பிடிக்காது. அது யாருடைய கையையும் பார்ப்பதில்லை.

விருந்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். மனைவி ஐம்பது ரோல்ஸ் பொரித்துவிட்டாள். போனோம். யூனியன்வில்லில் அழகான பின்வளவு, வெயில் நன்றாக இருந்தது. பழைய குழு முழுவதும் வந்திருந்தது. எல்லோரும் மனிதக் கண்ணின் மகிமையைப் பேசினார்கள். இயந்திரத்துக்கு நெஞ்சில்லை என்றார் ஒருவர், பல்வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மைக்கு இனி இடமில்லை என்றார் இன்னொருவர். ஒவ்வொரு சொல்லும் என் மேல் வந்து விழுந்தது. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. தட்டில் இருந்த சோளத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவி கோப்பையைக் கையில் எடுத்து, கரண்டியால் கண்ணாடிக் குவளையில் தட்டினார். என்னைப் பற்றி நல்ல நல்ல சொற்களாகச் சொன்னார். "அந்த இயந்திரங்கூடச் சில நேரம் நின்றுவிடுகிறது. இவர் பத்து வருடத்தில் ஒரு தடவை கையை உயர்த்தியதில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கோப்பையை என் வலக்கையில் தந்தார்.

நான் இடக்கையை நேரே மேலே உயர்த்தினேன். "கரெக்‌ஷன்!" என்று கத்தினேன், மைதானத்தில் கத்துவதுபோல, அடிவயிற்றிலிருந்து.

ஒரே சிரிப்பு. பல்வைத்தியர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் கையை இறக்கவில்லை. "பகிடி இல்லை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். மூன்று வருடத்துக்கு முன், ஒன்பதாம் மைதானம், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், இடக்கை ஜெர்மன்காரன், இரண்டாவது சேர்வ். பந்து உள்ளே. நான் பார்த்தேன். தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் உயர்ந்தது, கோபத்தில்தான்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு பல்வைத்தியர் எழும்பி வந்து என் தோளில் கையைப் போட்டார். எல்லோருக்கும் அப்படி ஒரு பந்து இருக்கும், உன்னை நீயே இவ்வளவு வருத்தக் கூடாது என்றார். தலைவி கண் கலங்கி, "பார்த்தீர்களா, இதுதான் இவர், இவ்வளவு நேர்மையானவர்" என்றார். மறுபடியும் கைதட்டினார்கள், முந்தியதைவிடப் பலமாக. பின்னாலிருந்து யாரோ பக்கத்திலிருப்பவரிடம், "எந்த ஜெர்மன்காரன்?" என்று கேட்டார். மற்றவருக்கும் தெரியவில்லை. அந்தப் பின்வளவில் ஒருவருக்குங்கூட அவனைத் தெரியவில்லை.

கோப்பையைப் பின் இருக்கையில் எறிந்துவிட்டுக் காரை எடுத்தேன். மனைவி வெறும் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முதலாவது சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொன்னாள்.

"அது உள்ளுக்கைதான் விழுந்தது."

"எது?"

"அந்தப் பந்து. நானும் கண்டனான்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "நீர் எப்பிடிக் கண்டனீர்?"

"உங்களுக்குப் பின்னாலைதானே இருந்தனான். எனக்கு அந்த ஜெர்மன்காரனையும் தெரியாது, மற்றவனையும் தெரியாது. கோட்டைப் பாரும், கோட்டைப் பாரும் எண்டு எந்த நேரமும் சொல்லுறனீங்கள். கோட்டைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"மூண்டு வரியம்! மூண்டு வரியமா நான் வெந்து சாகிறன், உமக்கு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வரேல்லையோ?"

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே."

"கேட்டாத்தான் சொல்லுவீரோ?"

அவள் தட்டத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த பொரித்தூளை விரலால் ஒற்றி எடுத்தாள். "அவன் உங்களைக் கேட்டவன்தானே" என்றாள். "கிட்ட வந்து, மரியாதையாய்க் கேட்டவன். நீங்கள் சொன்னனீங்களே?"

பச்சை விழுந்தது. நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான், மறுபடியும் அடித்தான். நான் யன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வாய்க்கு வந்ததையெல்லாம் தமிழில் கத்தினேன். அவன் என்னைக் கடந்துபோய்க் கனநேரம் ஆகியும் கத்திக்கொண்டிருந்தேன்.

மனைவி என் கையில் மெல்லத் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள், "ஆரை ஏசுறியள்?"